ஏழாவது மாடி முகவரி

மார்ச் 4

தையல் நிறுவனத்தின் உரிமையாளருக்கு,

இப்படித்தான் தொடங்க வேண்டும் என்று நினைத்தேன். அடுத்த வரிக்கு வருவதற்குள் அலுத்துவிட்டது. மருமகளே, இது நான். 'முன்னாள்' என்று போட வேண்டுமோ என்னவோ. மாமியார் பதவிக்கு அப்படி ஒன்று உண்டா என்று எனக்குத் தெரியவில்லை.

ஜனவரியில் எனக்கு இடது மார்பை எடுத்துவிட்டார்கள். கட்டி முழுதாக வந்துவிட்டது, பயப்பட ஒன்றுமில்லை என்கிறார் டாக்டர். அவர் பயப்பட ஒன்றுமில்லைதான். தையல் பிரித்த அன்று நர்ஸ் ஓர் உள்சட்டையைக் கையில் கொடுத்தாள். ஒரு பக்கம் பஞ்சும் கொஞ்சம் பாரமும் வைத்துத் தைத்தது, போட்டுக்கொண்டால் தோள் சாயாது, மேலே போடும் சட்டையும் ஒழுங்காக நிற்கும் என்றாள். நான் வாங்கியதும் உட்புறத்தைத் திருப்பிப் பார்த்தேன். ஓரங்களை இரண்டு தடவை மடித்து, முடிச்சு தோலில் படாதபடி வெளிப்பக்கமாக விட்டிருந்தது. ஆறு வருடம் எனக்குச் சட்டை தைத்துக் கொடுத்தவளின் கை எனக்குத் தெரியாதா?

கழுத்துப் பக்கத் துணிச்சீட்டில் முகவரி இருந்தது. பெரிய கம்பெனிகள் இருக்கிற அந்தக் கண்ணாடிக் கட்டடம், ஏழாவது மாடி. பெருமையாக இருந்தது, பொய் சொல்லக்கூடாது. கொஞ்சம் எரிச்சலாகவும் இருந்தது. போன் செய்தேன். ஓர் ஆண் குரல் உன் கம்பெனி பெயரைச் சொல்லி, "எந்த விஷயமா பேசணும்?" என்றது. எந்த விஷயமாக என்று எனக்கே தெரியாததால் வைத்துவிட்டேன்.

எனக்கு இரண்டு சட்டை வேண்டும். அளவு எப்படி எடுப்பது என்று எழுது. என் மகனிடம் எதுவும் சொல்லவில்லை.

இன்னொன்று. நான் தங்கை வீட்டுக்குப் போயிருந்த வாரமாகப் பார்த்து நீ கிளம்பிப் போனாய். திரும்பி வந்தபோது உன் மிஷின் நின்ற இடத்தில் தரையில் அதன் கால்கள் பதிந்த தடங்கள்தான் இருந்தன. அவனிடம் சொல்லாமல் போனதற்குக் காரணம் இருக்கும். என்னிடம் ஏன் சொல்லவில்லை?

அத்தை


மார்ச் 11

மதிப்பிற்குரிய வாடிக்கையாளருக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது. நன்றி.

அறுவை சிகிச்சைக்குப் பின் அணியும் உள்சட்டைகள் ஒவ்வொருவர் அளவுக்கும் தனியாகத் தைக்கப்படுகின்றன. அளவெடுக்கும் முறை படத்துடன் இணைக்கப்பட்டுள்ளது. காயம் முழுவதும் ஆறியிருக்க வேண்டும். அளவுகளை மேற்கண்ட அலுவலக முகவரிக்கு எழுதி அனுப்பினால் சட்டைகள் தைத்துத் தங்கள் வீட்டுக்கே கூரியரில் அனுப்பப்படும்.

தாங்கள் கேட்டிருந்த மற்றொரு விவரம் எங்கள் சேவைக்குள் வராது.

நிறுவனத்துக்காக


மார்ச் 16

மருமகளுக்கு,

உன் கடிதம் பிரித்த நிலையில்தான் என் கைக்கு வந்தது. சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் மடித்து வைத்திருந்தான். நீ ஏன் அப்படி எழுதினாய் என்று அப்போது புரிந்தது. முதலில் படித்தவுடன் கோபம் வந்தது, அதையும் எழுதிவிடுகிறேன்.

அவனுக்கு அது யாருடைய கம்பெனி என்று தெரியாது. படத்தைப் பார்த்தான். குரலை உயர்த்தவில்லை, எப்போது உயர்த்தியிருக்கிறான். "இந்த வயசுல யாரும்மா பாக்கப் போறா?" என்று மோர் கேட்பது போலக் கேட்டுவிட்டு, உப்பை எடுக்கச் சொன்னான். நான் எடுத்துக் கொடுத்தேன்.

நான் சாய்ந்து நடக்கிறேன். தெருவில் கடைக் கண்ணாடியில் பார்த்தேன், ஒரு பக்கம் பை தூக்கிக்கொண்டு போகிறவள் போல. யார் பார்ப்பார் என்றால், நான்தான் பார்க்கிறேன்.

இனி வீட்டுக்கு எதுவும் அனுப்பாதே. வியாழக்கிழமைகளில் கைக்குப் பயிற்சி கொடுக்க ஆஸ்பத்திரிக்குத் தனியாகப் போகிறேன். அங்கிருந்து உன் கட்டடம் பஸ்ஸில் கொஞ்ச தூரம்தான். பதிலை உன் ஆபீஸிலேயே கொடுத்து வை, வந்து வாங்கிக்கொள்கிறேன். என் முகத்தில் முழிக்க உனக்கு இஷ்டமில்லை என்றால் அறைக்குள்ளேயே இரு. நான் வாசலோடு போய்விடுவேன்.

அத்தை


மார்ச் 20

அத்தைக்கு,

இதை நீங்கள் வரவேற்பு மேசையில் வாங்கியிருப்பீர்கள். அந்த அலுவலகத்தில் எனக்கு அறை கிடையாது. நாற்காலிகூடக் கிடையாது.

அதற்கு விர்ச்சுவல் ஆபீஸ் என்று பெயர். மாதாமாதம் கட்டணம் கட்டினால் அந்த முகவரியை நம் நிறுவனத்தின் முகவரியாகப் போட்டுக்கொள்ளலாம். நமக்கு வரும் கடிதங்களையும் பார்சல்களையும் வாங்கி வைத்து, வாரத்துக்கு ஒருமுறை பையில் போட்டு அனுப்புவார்கள். போன் வந்தால் நம் நிறுவனத்தின் பெயரைச் சொல்லி எடுப்பார்கள். யாரையாவது நேரில் பார்க்க வேண்டியிருந்தால் ஓர் அறையைச் சில மணி நேரம் திறந்துவிடுவார்கள். ஏழாவது மாடியில் அப்படி நிறையக் கம்பெனிகள் இருக்கின்றன. எல்லாமே யாருடைய வீட்டுக் கூடத்திலோ, மாடிப்படிக்குக் கீழேயோ நடக்கின்றன. என்னுடையது ஒரு படுக்கையறையில் நடக்கிறது. மிஷினை ஜன்னலோரம் போட்டிருக்கிறேன். பஞ்சு மூட்டை கட்டிலில் தூங்குகிறது, நான் தரையில். அது எந்தத் தெரு என்று எழுத மாட்டேன்.

மற்றவர்கள் பெரிய மனிதத் தோரணைக்காக இந்த முகவரியை வாங்குகிறார்கள். எனக்கு வேறு காரணம். நான் போன பிறகு முதலில் குடியிருந்த வீட்டை உங்கள் மகன் கண்டுபிடித்துவிட்டார். எதிர்ப்பக்கம் நிற்பார். கதவைத் தட்ட மாட்டார், சத்தம் போட மாட்டார். ஒரு மழை நாளில் எனக்கென்று இன்னொரு குடை கொண்டுவந்திருந்தார். போலீஸில் போய் என்னவென்று சொல்வது, குடை கொடுத்தார் என்றா? வீடு மாறினேன். அங்கேயும் வந்தார். விவாகரத்துத் தீர்ப்பு வந்த பிறகும் வந்தார். மறுபடி மாறினேன். இந்த வீட்டை இன்னும் கண்டுபிடிக்கவில்லை. உங்களுக்குச் சட்டை கொடுத்த அந்த நர்ஸ் அக்கா இவற்றைத் தைக்கச் சொல்லி, ஆஸ்பத்திரிகளில் கேட்க ஆரம்பித்தபோது, சீட்டில் ஒரு முகவரி போட வேண்டியிருந்தது. வீட்டு முகவரியைப் போட்டால் ஒவ்வொரு சட்டையிலும் அவருக்கு வழி எழுதிக் கொடுத்த மாதிரி.

ஏன் உங்களிடம் சொல்லவில்லை என்று கேட்டீர்கள். அவர் உங்களிடம் கேட்பார். கேட்டால் நீங்கள் சொல்லிவிடுவீர்கள். கெட்ட எண்ணத்தில் அல்ல. அவர் கேட்டு நீங்கள் பதில் சொல்லாமல் இருந்து நான் பார்த்ததில்லை.

இந்த மாதம் எனக்கு அறை நேரம் மிச்சம் இருக்கிறது. அடுத்த வியாழன் அதை உங்களுக்குக் கொடுக்கச் சொல்லியிருக்கிறேன். உள்ளே தாழ் இருக்கிறது. அளவு நாடாவை இத்துடன் வைத்திருக்கிறேன். நீங்களே எடுத்து எழுதி மேசையில் கொடுத்துவிடுங்கள். நான் வர மாட்டேன்.

மருமகள் என்று எழுதக் கை வருகிறது. இருக்கட்டும்.


மார்ச் 27

மருமகளுக்கு,

இதை உன் அறையிலிருந்து எழுதுகிறேன். தப்பு, உன் அறை இல்லை. ஒரு மேசை, கொஞ்சம் நாற்காலிகள், சுவரில் ஒரு கண்ணாடி, பிளாஸ்டிக் செடி. பிளாஸ்டிக் செடிக்கு யாரோ தண்ணீர் ஊற்றியிருக்கிறார்கள், தட்டில் நிற்கிறது.

வரவேற்பு மேசையில் இருப்பவர் நல்ல ஆள். முடி நரைத்த மனிதர், முன்பு எங்கோ ரயில் நிலையத்தில் அறிவிப்புச் சொன்னவராம். போனை எடுத்து ஒரு தடவை இரும்பு ஆணிக் கம்பெனி என்கிறார், மறுநிமிடம் நாய்களுக்குப் பயிற்சி கொடுக்கும் கம்பெனி என்கிறார், குரலே மாறிவிடுகிறது. நான் உன்னைக் கேட்டேன். "மேடம் மீட்டிங்ல இருக்காங்க" என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்தார். "அவங்க இங்க வர்றதே இல்லம்மா" என்று மெதுவாகச் சொல்லிவிட்டு, தண்ணீர் கொண்டுவந்து வைத்தார்.

அளவு எடுத்தேன். தனியாக எழுதி வைத்திருக்கிறேன். ஆபரேஷனுக்குப் பிறகு இன்றுதான் முழுதாகப் பார்த்தேன். வீட்டில் குளியலறைக் கண்ணாடி உயரத்தில் இருக்கிறது. நான் நினைத்த அளவுக்கு இல்லை. இடது பக்கம் சாய்வாக ஒரு கோடு, அவ்வளவுதான். நாடாவை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். யாரும் தட்டவில்லை. ஒரு கதவு தாழிட்டு இருந்து, அந்தப் பக்கம் யாரும் "என்னம்மா பண்ற?" என்று கேட்காமல் இருந்து எத்தனை நாளாயிற்று என்று யோசித்தேன்.

நீ எழுதியதை இரண்டு தடவை படித்தேன். குடை விஷயம் எனக்குத் தெரியாது. மழைக்கு எதற்கு இரண்டு குடை என்று கேட்டது மட்டும் ஞாபகம் இருக்கிறது. என்னைப் பற்றி எழுதியதற்குப் பதில் எழுத மாட்டேன். வலித்தது.

இப்போது என் சங்கதி. என் வேலை உனக்குத் தெரியும், புத்தகங்களுக்குப் பின்பக்கம் சொல்லடைவு தயாரிப்பது. போன வாரம் பதிப்பகத்திலிருந்து பூப்படம் போட்ட ஓர் அட்டை வந்தது. 'தங்கள் ஓய்வுக்காலம் இனிதாக அமையட்டும்.' நான் ஓய்வு பெற்றதே அதைப் பார்த்துத்தான் எனக்குத் தெரிந்தது. பதிப்பகத்துக்குப் போகிற வருகிற மின்னஞ்சல் எல்லாம் அவன் பெயரில்தானே. நான் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோது எனக்காக அவனே எழுதிப் போட்டிருக்கிறான். கேட்டேன். "உனக்கு எதுக்கும்மா இந்தத் தொல்லை, நானே சொல்லிட்டேன்" என்றான். நல்லது செய்தவன் முகம்.

எனக்கு அந்த வேலை வேண்டும். வீட்டிலிருந்து செய்கிறவள் என்றாலும் பேப்பர்க் கட்டு எங்கேயாவது வந்து இறங்க வேண்டுமே. மேசைக்காரரிடம் கேட்டேன், என்னைப் போன்றவளுக்கும் முகவரி தருவீர்களா என்று. என்ன தொழில் என்றார். எந்தச் சொல் எந்தப் பக்கத்தில் வருகிறது என்று பட்டியல் போடுவது என்றேன். அதற்கெல்லாம் ஆள் இருக்கிறார்களா, புத்தகமே போட்டுக்கொள்ளும் என்று நினைத்தாராம்.

என்ன செய்ய வேண்டும் என்று எழுது.

அத்தை


ஏப்ரல் 7

அத்தைக்கு,

சட்டைகள் இத்துடன். பாரம் உள்ள பையைக் கழற்றித் தனியாகத் துவைக்கலாம். முதல் வாரம் அரை நாளுக்கு மேல் போடாதீர்கள். கனமாகத் தெரிந்தால் அது சரியான கனம்தான், தோள் மறந்துவிட்டிருக்கும்.

முகவரி வாங்கும் விஷயம். பெரிய திட்டத்தை எடுக்கச் சொல்வார்கள், வேண்டாம். முகவரியும் தபாலும் போதும், அதிலேயே போனும் சேர்ந்து வரும். உங்கள் அடையாள அட்டை கேட்பார்கள், அதை வெளியே யாருக்கும் கொடுக்கக்கூடாது என்று ஒப்பந்தத்தில் இருக்கிறதா என்று பார்த்துக் கையெழுத்துப் போடுங்கள். தபாலை வீட்டுக்கு அனுப்பவே கூடாது, நேரில் வந்து வாங்குவேன் என்று எழுதிக் கொடுங்கள். உங்களுக்கென்று தனி மின்னஞ்சல் வேண்டும். மேசைக்காரரிடம் கேட்டால் திறந்து கொடுப்பார். கடவுச்சொல்லாக உங்கள் பிறந்த நாளை வைக்காதீர்கள். உங்கள் மகன் அதைத்தான் முதலில் போட்டுப் பார்ப்பார்.

ஒன்று சொல்ல வேண்டும். நீங்கள் அளவெடுக்க வந்த அன்று நான் எதிரே இருந்த காபிக் கடையில் உட்கார்ந்திருந்தேன். உங்கள் கடிதங்களை அவர் சொல்லச் சொல்ல நீங்கள் எழுதுகிறீர்களோ என்று சந்தேகம். உங்களுக்குப் பின்னால் யாராவது வருகிறார்களா என்று பார்க்கத்தான் வந்தேன். யாரும் வரவில்லை. நீங்கள் லிஃப்டுக்கு முன்னால் வெகுநேரம் நின்றீர்கள். இரண்டு தடவை கதவு திறந்து மூடியது, ஏறவில்லை. பெரிய லிஃப்ட் என்றால் உங்களுக்குப் பயம் என்பது எனக்கு மறந்துவிட்டது. எழுந்து வரலாமா என்று நினைத்தேன். அதற்குள் யாரோ ஒரு பெண் உங்கள் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனாள்.

அவ்வளவுதான். காபிக்குப் பணம் கொடுத்துவிட்டுப் போய்விட்டேன்.


ஏப்ரல் 24

மருமகளுக்கு,

நீ பார்த்தது பற்றி எனக்குச் சொல்லத் தெரியவில்லை. சந்தேகப்பட்டது சரிதான். நானாக இருந்தாலும் பார்த்திருப்பேன். ஆனால் அந்தப் பெண் பிடித்த கை ஆபரேஷன் பக்கத்துக் கை. வலி உயிர் போய்விட்டது.

எனக்கு இப்போது ஒரு கம்பெனி இருக்கிறது. போன் எடுக்கும்போது என்ன பெயர் சொல்ல வேண்டும் என்று மேசைக்காரர் கேட்டார். 'கடைசிப் பக்கங்கள்' என்றேன். பேனாவை வைத்துவிட்டார். "அம்மா, இப்பத்தான் ஆபரேஷன் ஆகியிருக்கு. கொஞ்சம் வேற மாதிரி பேரா பாப்போமா?" என்றார். சொல்லடைவு புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில்தான் வரும், முதல் பக்கத்தில் வைத்தால் யாரும் வாங்க மாட்டார்கள் என்று விளக்கினேன். அரை மனதாக எழுதிக்கொண்டார். அன்று மாலையே பயிற்சிக்காகத் தன் செல்போனிலிருந்து மேசை நம்பருக்கு அடித்து, தானே எடுத்து, "வணக்கம், கடைசிப் பக்கங்கள்" என்று சொல்லிக் காட்டினார். ரயில் வருவது போலவே இருந்தது.

புது முகவரியிலிருந்து பதிப்பகத்துக்கு எழுதினேன். நான் ஓய்வு பெறவில்லை, அந்தக் கடிதம் என்னைக் கேட்காமல் போனது என்று. நான்கு நாளில் பேப்பர்க் கட்டு வந்து இறங்கிவிட்டது. பாலங்களைப் பற்றிய கனத்த புத்தகம். வியாழக்கிழமைகளில் அறை காலியாக இருந்தால் மேசைக்காரர் திறந்துவிடுகிறார், அங்கே உட்கார்ந்து செய்கிறேன், பயிற்சி நேரத்தைக் கூட்டியிருக்கிறார்கள் என்று வீட்டில் சொல்லியிருக்கிறேன்.

சட்டை நன்றாக இருக்கிறது. கடைக் கண்ணாடியில் பார்த்தேன், பையை யாரோ வாங்கிக்கொண்டது போல நடக்கிறேன். இடது தோள் பட்டை மட்டும் நழுவுகிறது. ஊக்கு குத்தி வைத்திருக்கிறேன்.

எங்கே இருக்கிறாய் என்று எனக்கு மட்டுமாவது சொல்லக்கூடாதா? ஓர் அவசரம் என்றால் நான் எங்கே ஓடி வருவேன்?

அத்தை


ஏப்ரல் 30

அத்தைக்கு,

ஊக்கு குத்தாதீர்கள், அந்த இடத்தில் உணர்ச்சி இருக்காது, குத்தினாலும் தெரியாது.

பதிப்பகத்துக்கு எழுதியபோது அவருடைய மின்னஞ்சலை அவர்கள் கணக்கிலிருந்து எடுக்கச் சொன்னீர்களா? உடனே மேசைக்காரரிடம் சொல்லி அனுப்புங்கள்.

கடைசியில் கேட்டதற்கு, இப்போது முடியாது.


மே 8

மருமகளுக்கு,

எடுக்கச் சொல்லவில்லை. உன் கடிதம் கிடைத்த அன்றே அவனும் வந்துவிட்டான்.

பதிப்பகத்தில் பழைய பழக்கத்தில் நன்றி சொல்லி அவனுக்கும் ஒரு நகல் அனுப்பியிருக்கிறார்கள், கீழே என் புது முகவரியோடு. மார்ச்சில் அவன் பிரித்துப் படித்த தையல் கம்பெனிக் கடிதத்திலும் அதே ஏழாவது மாடி. அவன் அதை மறந்திருப்பானா.

நான் அறைக்குள் பாலத்தோடு உட்கார்ந்திருந்தேன். கதவு சாத்தியிருந்தது. வெளியே அவன் குரல். உன் கம்பெனி பெயரைச் சொல்லி உரிமையாளரைப் பார்க்க வேண்டும் என்றான். மீட்டிங்கில் இருக்கிறார்கள் என்றார் மேசைக்காரர். காத்திருக்கிறேன் என்றான். நேரமாகும் என்றார். பரவாயில்லை, எனக்கு வேறு வேலை இல்லை என்று சொல்லி நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டான். அந்தச் சத்தம் கேட்டது. எதிர்ப்பக்கம் நின்றான் என்று நீ எழுதினாயே, அதன் அர்த்தம் எனக்கு அப்போதுதான் தெரிந்தது. அவன் திட்டினால் எழுந்து போயிருப்பேன். உட்கார்ந்திருக்கிறான், அவ்வளவுதான். ஒரே சொல்லை மூன்று இடத்தில் எழுதியிருக்கிறேன், பிறகு பார்த்தேன்.

ஆணிக் கம்பெனிக்குப் போன் வந்தது, நாய்க் கம்பெனிக்கு வந்தது. மேசைக்காரர் எல்லாவற்றுக்கும் பதில் சொல்லிக்கொண்டே இருந்தார். அவன் எழுந்து, இந்த அறையில் யார் இருக்கிறார்கள் என்று கேட்டான். நான் பேப்பரை அடுக்கிவிட்டுக் கதவைத் திறந்தேன்.

"மீட்டிங் என்கூடத்தான். முடிஞ்சிருச்சு" என்றேன்.

அவனுக்கு ஆச்சரியம்கூட இல்லை. அம்மா திடீரென்று தைரியமாக இருந்தால் வேறு யார் காரணமாக இருக்க முடியும் என்று வரும்போதே நினைத்தானாம். பக்கத்தில் வந்து, அவனுடைய அந்த நல்ல குரலில், "அவ எங்கம்மா இருக்கா?" என்றான்.

"எனக்குத் தெரியாதுப்பா."

"நீ என்கிட்ட பொய் சொல்ல மாட்ட."

"சொல்லல. தெரியாது."

என் முகத்தையே பார்த்தான். சின்ன வயதிலிருந்து பார்த்த முகம், பொய்யா நிஜமா என்று அவனுக்குத் தெரியும். நிஜம் என்று கண்டுகொண்டான். பையை எடுத்துக்கொள்ள வந்தான். நானே தூக்கிக்கொண்டேன். வீடு வந்து சேர்ந்தோம். மறுநாள் காலை, என் பெயருக்கு வருகிற எதையும் இனிமேல் பிரிக்காதே என்றேன். "சரிம்மா" என்றான். சாயங்காலம் மின்சாரக் கட்டண ரசீது பிரித்திருந்தது. என் பெயரில்தான் வரும். அதைப் பழையபடி உறையில் போட்டு ஒட்டி அவன் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன். பார்த்துக்கொண்டே சாப்பிட்டான். என்ன ஆகும் என்று தெரியாது. நான் வியாழக்கிழமைகளில் போவதை நிறுத்தப் போவதில்லை, அதை அவனிடமே சொல்லிவிட்டேன்.

நீ எங்கே இருக்கிறாய் என்று இரண்டு வாரம் முன்பு கெஞ்சிக் கேட்டேன். நீ சொல்லியிருந்தால் அந்த நிமிஷம் சொல்லியிருப்பேனோ என்னவோ, சத்தியமாக எனக்குத் தெரியவில்லை. இனிமேல் நான் கேட்டாலும் சொல்லாதே. அழுதாலும் சொல்லாதே.

அத்தை


மே 15

அத்தைக்கு,

அந்த முகவரியை விட்டுவிட்டேன். அடுத்த மாதம் முதல் சட்டைகளில் வேறு கட்டடத்தின் சீட்டு இருக்கும். பழைய சட்டைகளைப் பார்த்து எழுதுகிறவர்களுக்காகக் கொஞ்ச நாள் கடிதங்களை அனுப்பி வைப்பதாக மேசைக்காரர் சொல்லியிருக்கிறார். உங்கள் கடிதமும் அப்படித்தான் வந்தது. அவருக்கு என் முகம் தெரியாது. அன்று நடந்ததற்கு நன்றி சொல்லப் போன் செய்தேன். என் பெயரைச் சொன்னதும், "மேடம் மீட்டிங்ல இருக்காங்க" என்று பழக்கத்தில் சொல்லிவிட்டார். பிறகு இருவரும் சிரித்தோம்.

நீங்கள் அங்கேயே இருங்கள். உங்களிடம் அவர் கேட்க இனி எதுவும் இல்லை. அவர் வந்து உட்கார்ந்தால் உட்காரட்டும், நீங்கள் கதவைத் தாழிட்டு வேலையைப் பாருங்கள்.

வீட்டு முகவரியை எழுதவில்லை. நீங்கள் சொன்னதால் மட்டும் அல்ல, எனக்கும் அது நல்லது. அதை நீங்களே சொன்னதால் இந்தக் கடிதத்தை எழுத முடிகிறது.

தோள் பட்டை நழுவுவது பற்றி யோசித்தேன். நான் துணி வெட்டினதில்தான் தப்பு. ஆபரேஷனான பக்கம் தோள் முன்னால் வந்திருக்கும், நாடாவை வைத்து நீங்களே எடுத்தால் அது தெரியாது. கடிதத்தில் சரிசெய்ய முடியாது. போட்டுக்கொண்டு நிற்க வேண்டும், பின்னாலிருந்து பார்க்க வேண்டும்.

ஆஸ்பத்திரியில் நர்ஸ் அக்கா தன் அறையைக் கொடுக்கிறேன் என்கிறார். பெண்கள் வார்டைத் தாண்டி உள்ளே இருக்கிறது, ஆண்களை விட மாட்டார்கள். அடுத்த வியாழன், உங்கள் பயிற்சி முடிந்ததும் வாருங்கள். மாடிக்கு லிஃப்டில் ஏற வேண்டியதில்லை, தரைத்தளம்தான்.

நான் வருவேன். என்ன பேசுவது என்று நினைத்துக் கவலைப்படாதீர்கள். பட்டையைச் சரிபார்க்கும் வரைக்கும் என் வாயில் குண்டூசிகள் இருக்கும்.

மருமகள்